வெறுங்காலோடு முன்னால் போனவர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வயர்மேன். மொரப்பூர் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். பேய் நடமாடுகிறது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளே ஏழெட்டு இருக்கும். லைட்டு தானாக எரிகிறது, தானாக அணைகிறது, சுவரைத் தொட்டால் யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பார்கள். அத்தனை வீட்டிலும் கடைசியில் நான் கண்டுபிடித்தது லூஸ் கனெக்‌ஷன், இல்லாவிட்டால் எலி கடித்த வயர், இல்லாவிட்டால் எர்த் போடாமலே விட்டுவிட்டுப் போன புண்ணியவானின் வேலை. ஒரு வீட்டில் பூசாரி உடுக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே நான் ஸ்டூல் மேல் ஏறி ஹோல்டரை மாற்றினேன், பேய் ஓடிவிட்டது, பேர் என்னவோ பூசாரிக்குத்தான் போனது. அப்படிப்பட்ட ஆள் நான்.

ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமே வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது. அன்றைக்கு நான் குடித்திருந்தேன். காலையிலேயே. ஆனால் குடித்தவன் கண்ட கனவு என்றால் அது அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும், ஏழு வருடமாகத் தொடர்ந்து வரக்கூடாது, இல்லையா?

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். மல்பெரித் தோட்டம், அதை ஒட்டி ஒரு புழு வீடு, எல்லாம் என் மனைவி செல்வியின் பொறுப்பு. புழு வளர்க்கிற வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசலில் ஒரு தட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் இருக்கும், அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பீடி, ஊதுபத்தி, சென்ட், சாராய வாடை எதுவும் உள்ளே வரக்கூடாது. புழுவுக்கு ஆகாது, தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும் என்பார்கள். அதனால் புழு இருக்கிற நாளில் செல்வி என்னை அந்தப் பக்கமே விடமாட்டாள். நான் வயரிங் செய்த கட்டடம், நான் ஜன்னல் வலைக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கிற பெண்டாட்டியோடு பேசுவேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு ஆத்திரமாகத்தான் வரும்.

ஒருநாள் மதியம் வெயில் தாங்காமல், உள்ளே குளுகுளுவென்று இருக்குமே என்று, நல்ல போதையில் நேராக உள்ளே போய்த் புழுத் தட்டுகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கிவிட்டேன். புழு கூடு கட்டப் போகிற சமயம். எழுப்பியது என் மகள் கயல். ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவுமில்லை. "அப்பா, எந்திரிப்பா, அம்மா வருது" என்று மட்டும் சொன்னாள். நான் செய்த தப்பை மறைக்க அந்தப் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளில் புழு மொத்தமும் செத்துப்போனது. என் வாடையால்தானா, வெயிலாலா, வேறு நோயா, யாருக்குத் தெரியும். செல்வி காரணம் எதுவும் கேட்கவில்லை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துணிமணியை எடுத்துக்கொண்டு, கயலையும் கூட்டிக்கொண்டு கம்பைநல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"புழுவுக்கே உங்க வாசன ஆவறதில்லைங்க. எனக்கு மட்டும் எப்பிடி ஆவும்?" என்றாள் வாசலில் நின்று. "என்னிக்கு நீங்க அந்தப் புழு வூட்டுக்குள்ள வரலாம்னு ஆவுதோ, அன்னிக்கு நானே வர்றேன்."

அதற்குப் பிறகு நான் குடித்த குடி இருக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கை நடுக்கத்தில் ஸ்க்ரூவின் தலையில் டெஸ்டர் உட்காராது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், சின்ன வயசு ஆள், ஒரு துண்டுச் சீட்டில் ஒரு ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அரூரில் ஒரு கூட்டம் நடக்கிறது, டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது, குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், போய்ப் பாருங்கள் என்றார். குடிகாரர்கள் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா, நான் பார்க்காத கூட்டமா என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஃபோன் பண்ணினேன். எடுத்தவர் பெயர் குமார் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, டியூஷன் சென்டர் மாடி, வாசலில் செருப்புகள் கிடக்கும், பார்த்துக்கொண்டு ஏறி வாருங்கள் என்றார். அவர் குரலில் ஒரு கரகரப்பு உண்டு, ஒருமுறை கேட்டால் மறக்காது.

அது தை மாதம். எங்கள் பக்கம் பனி இறங்கினால் எட்டு மணி வரைக்கும் எதிரில் வருகிற பஸ் தெரியாது, அதன் லைட்டுதான் தெரியும். தைரியத்துக்கு இருக்கட்டும் என்று பாதிக் குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு, மீதியைப் பையில் வைத்துக்கொண்டு மொரப்பூரில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. அரூர் பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரியாத ஆளே கிடையாது, எங்கேப்பா காலையிலேயே என்று கேட்டால் என்ன சொல்வது? அரூருக்கு வெகு முன்னாலேயே எழுந்து நின்று இறங்க வேண்டும் என்றேன்.

"இங்க ஏனுங்க எறங்கறீங்க? இங்க ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் கண்டக்டர்.

ஒன்றுமே இல்லைதான். ரோட்டோரம் ஒரு சின்னப் பாலம், அதற்கு இடுப்பு உயரத்துக்குக் கட்டைச் சுவர், அந்தப் பக்கம் ஒரு மண்பாதை. மிச்சமெல்லாம் பனி. பஸ் போன சத்தம்கூடச் சீக்கிரம் அடங்கிவிட்டது. நான் பாட்டிலை எடுத்துக் கட்டைச் சுவர் மேல் வைத்தேன். இதைக் குடித்துவிட்டு எதிர்ப் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த முடிவு எடுத்ததும் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்காகப் போகிறேன்?

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். மண்பாதையில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். தலையைச் சுற்றித் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, காலில் செருப்பு இல்லை. அந்தக் குளிரில் வெறுங்கால். திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மட்டும் அசைத்து வா என்று கூப்பிட்டார். கூட்டத்துக்காரர் போல, வழி தெரியாமல் நிற்பவர்களைக் கூட்டிப் போக ரோட்டுக்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. எப்படிப் பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன்.

நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார், நான் நின்றால் அவரும் நின்றார். "ஏனுங்க, அரூரு மாடின்னு சொன்னாங்களே" என்று கேட்டேன், அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார். பாதையின் இரண்டு பக்கமும் மல்பெரி, இலையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும். எனக்குப் பயமே வரவில்லை, இதுதான் ஆச்சரியம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உடம்பு லேசாகி மிதக்கிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. எவ்வளவு தூரம் நடந்தேன் என்றும் தெரியவில்லை.

பாதை முடிகிற இடத்தில் ஒரு கட்டடம். உள்ளே மஞ்சள் வெளிச்சம். எனக்கு முன்னால் போனவர் கட்டடத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஒதுங்கிப் பனிக்குள் போனார், நான் வாசலில் நின்றேன். ஐந்து ஜோடி செருப்பு கிடந்தது. அதில் ஒரு ஜோடியின் வார் அறுந்து, சிவப்பு வயரால் முறுக்கிக் கட்டியிருந்தது. சிங்கிள் ஸ்ட்ராண்ட் வயர், மூன்று சுற்று, முனையை உள்ளே மடித்திருந்தது. அட, நம்ம தொழில்காரர் ஒருத்தர் இருக்கிறார் என்று அந்த நிலையிலும் நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் பிளீச்சிங் தண்ணீர்த் தட்டு.

புழு வீடு. எனக்கு உயிரே போய்விட்டது. இன்னொருத்தர் வீட்டுப் புழுவையும் கொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன்? இரண்டடி பின்னால் நகர்ந்து, "நான் வரலைங்க, குடிச்சிருக்கறேன். புழுவுக்கு ஆவாது" என்று வெளியிலிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

வாசலுக்கு ஒருவர் வந்தார். கட்டையான ஆள், வலது கையில் சுண்டுவிரல் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"புழு இல்லீங்க இப்ப" என்றார். "நாங்கதான் இருக்கறோம். உள்ள வாங்க."

எத்தனையோ பேர் எனக்கு எவ்வளவோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் எதுவும் நிற்காது. காலை நனைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே காலித் தட்டுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நடுவில் வட்டமாகப் பிளாஸ்டிக் சேர். சுண்டுவிரல் இல்லாதவரோடு சேர்த்து நாலு பேர். நரைத்த தலையோடு ஒருவர், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண், டெலிவரி கம்பெனிச் சட்டை போட்ட ஒல்லியான பையன் ஒருத்தன். ஒரு சேர் காலியாக இருந்தது, அதன் முன்னால் தட்டு போட்டு மூடிய ஒரு டம்ளர். நான் அதில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாங்க" என்றார் நரைத்தவர். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, ஃபோனில் பேசிய குமார், அதே கரகரப்பு. "அது எங்க ஆளு ஒருத்தரோட சேரு. உங்களக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குத்தான் செருப்பக்கூட போடாம ஓடுனாரு. வந்துருவாரு." வேறு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள்.

சுவரில் நாள்காட்டி மாட்டியிருந்தது. தேதியைப் பார்க்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நான் பார்த்தது சுவிட்ச் போர்டை. முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தது. எந்த மடையன் மாட்டியது இது, ஒரு குழந்தை கையை விட்டால் என்ன ஆகும் என்று மனசுக்குள் நல்லாத் திட்டினேன். குடித்திருந்தாலும் தொழில் விடாது.

அவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, பிறகு நடந்ததைச் சொன்னார்கள். அந்தப் பெண் மாவு டப்பாவுக்குள் பாட்டிலை ஒளித்து வைத்ததைச் சொன்னாள், சொல்லும்போது தானே சிரித்துவிட்டாள், மற்றவர்களும் சிரித்தார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. நடுவில் யாரும் பேசாமல் இருக்கிறபோதெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான புழு தழையைத் தின்கிற சத்தம், ஓட்டு மேல் மழை விழுகிற மாதிரி இருக்கும், புழு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். தட்டெல்லாம் காலி. ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் நானும் பேசினேன். கயல் என் சட்டையைப் பிடித்து இழுத்ததைச் சொன்னேன். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு பேருமே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள், ரொம்பத் தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. என் பெயரை யாரும் கேட்கவே இல்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வேணாம்னு இருங்க. நாளைக்குப் பொழப்ப நாளைக்குப் பாக்கலாம்" என்றார் குமார். அவ்வளவுதான் கூட்டம்.

வெளியே வந்தேன். அந்தக் காலி சேர் கடைசிவரை காலியாகவே இருந்தது, டம்ளர் மூடியபடியே இருந்தது. வாசலில் அந்த வயர் கட்டிய செருப்பும் அங்கேயே கிடந்தது. பாதையிலேயே நடந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. வேர்த்து ஊற்றியது, கை ஆடியது, இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை, ஆனால் அந்தப் புழு தின்கிற சத்தத்தை நினைத்துக்கொண்டு படுத்துக்கிடந்தேன்.

அடுத்த ஞாயிறு அதே பாலத்தில் இறங்கினேன். பனி அவ்வளவு இல்லை. பாதை இருந்தது, மல்பெரி இருந்தது. பாதை முடிகிற இடத்தில் கட்டடம் எதுவும் இல்லை. சும்மா தோட்டம், நடுவில் ஒரு வேப்பமரம். முன்னும் பின்னும் நாலு தடவை நடந்தேன். பிறகு பயந்துபோய் அரூருக்கே ஓடினேன், டியூஷன் சென்டர் மாடியில் ஏறினேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குமார் எழுந்து வந்தார். தலை கருகருவென்று இருந்தது.

"போன வாரம் ஃபோன் பண்ணுனீங்களே தங்கராசு? உங்களுக்காவ ஒம்போது மணி வரைக்கும் உக்காந்திருந்தமே, வரலியே" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடமும் சொன்னேன், வருடக்கணக்காகக் குடிக்கிற உடம்பு தடுமாறும்போது இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும், பயப்படாதீர்கள் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூளைக்குள் லூஸ் கனெக்‌ஷன். நான் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்.

கூட்டத்தை மட்டும் விடவில்லை. அந்த வருடம் ஆடி மாதம் செல்வி கயலோடு வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை, நேராக என்னைப் புழு வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போய் நிறுத்தி, சட்டையைப் பிடித்து மோந்து பார்த்தாள். தட்டில் தண்ணீரை ஊற்றினாள். "காலை நனச்சிக்கிட்டு உள்ள வாங்க" என்றாள். நான் கயலைக் கட்டிக்கொண்டு அழுதேன், வேறென்ன செய்வேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டாவது வருடம் கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கட்டையான ஆள், பெயர் மாதையன். கும்பிட்டார், வலது கையில் சுண்டுவிரல் இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, அவருக்கு என்னைத் தெரியவில்லை, அதுவே முதல் தடவை பார்க்கிறார். நாலாவது வருடம் ராணி வந்தாள், மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை, மடியில் டிபன் பை. மாவு டப்பாக் கதையை அவள் சொன்னபோது எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துவிட்டேன், எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. போன வருடம் விக்னேஷ் வந்தான், டெலிவரி சட்டையோடு. கணக்குப் போட்டால், நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்த அன்றைக்கு அவன் பள்ளிக்கூடத்துப் பையன், குடி என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. அவனை அங்கே பார்த்ததை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

மாதையனுக்குத் தோட்டம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், மண்பாதை முடிகிற இடத்தில். வேப்பமரத்தை எடுத்துவிட்டுப் புழு வீடு கட்டினார். வயரிங் நான்தான். அவர் மனைவிக்குச் சின்ன வயதிலேயே கால் போய்விட்டது, சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்தபடியே புழு பார்க்கிற பெண். "அவளுக்கு எட்டற மாதிரி போர்டு வெச்சுக் குடுங்கண்ணா" என்றார். முழங்கால் உயரத்தில் வைத்து, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் மடையன் என்று திட்டியது என்னைத்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டியூஷன் சென்டர்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னபோது, "புழு இல்லாத நாளுல சும்மாத்தான கெடக்குது, நம்ம புழு வூட்டுக்கே வந்துருங்க" என்று மாதையன் சொன்னார். இந்த வருடத்திலிருந்து புழு இல்லாத ஞாயிறுகளில் கூட்டம் அங்கேதான். குமாருக்குத் தலை நரைத்துவிட்டது.

போன மாதம் என் செருப்பு வார் அறுந்தது. வேலை நடுவில், பையில் கிடந்த வயரை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, முனையை மடித்துவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் பார்த்தேன், சிவப்பு.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அந்த வட்டத்தில் நான் பார்க்காத ஒரே ஆள் நான்தான். காலியாக இருந்தது என் சேர். தலையில் துண்டோடு, செருப்பை மறந்துவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்து, பாலத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு குடிகாரனைக் கையசைத்துக் கூப்பிட்டது நானேதான். இன்னும் அது நடக்கவில்லை. தை வரப்போகிறது, பனி விழ ஆரம்பித்துவிட்டது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சேரிலிருந்து எழுந்து போக வேண்டும். அதற்கு முந்தின நாள் நான் குடித்துவிட்டால் அவனைக் கூப்பிட யார் இருப்பார்கள்? அவன் பாட்டிலைக் குடித்துவிட்டு எதிர்ப் பஸ் ஏறிவிடுவான். செல்வி வரமாட்டாள், கயல் வரமாட்டாள். இதை நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்று இருக்கிறேன். வேறு பெரிய மனஉறுதியெல்லாம் எனக்குக் கிடையாது.

ஆனால் ஒன்றை உங்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. குமாரிடமும் சொன்னதில்லை, போன வாரம்தான் செல்வியிடம் சொன்னேன். அன்றைக்குக் கூட்டம் முடிந்து ரோட்டுக்கு வந்தபோது, கட்டைச் சுவர் மேல் நான் வைத்துவிட்டுப் போன பாட்டில் அங்கே இல்லை.

செல்வி தழை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றாள்.

"அந்தப் பனியில அந்த ரோட்டுல யாருமே இல்ல செல்வி. எனக்கு முன்னால போனவன் ஒருத்தன்தான் வெளிய இருந்தான். என்னை வாசல்ல வுட்டுட்டு அவன் திரும்ப வரவே இல்ல. சேரு காலியாவே இருந்துச்சு, செருப்பு அப்பிடியே கெடந்துச்சு. பாட்டில எடுத்து அவன் கொட்டுனானா, குடிச்சானா?"

அவள் நறுக்கிய தழையைக் கூடையில் அள்ளிப் போட்டாள். பிறகு, "அப்ப இந்தத் தை பூரா ஞாயித்துக்கெழமைல நானும் உங்ககூட வந்து அந்தப் பாலத்து மேலயே உக்காந்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கயலிடம் ஏதோ வேலை சொன்னாள், திரும்பி வந்து மறுபடியும் கேட்டாள். "கீழ கொட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே. தரையில ஈரம் இருந்துச்சா? வாடை அடிச்சுதா?"

அதைத்தான் ஏழு வருடமாக நானும் யோசிக்கிறேன். வாடை அடித்தது. ஆனால் அன்றைக்கு என் வாயிலேயே அதே வாடைதானே. தரையும் ஈரமாகத்தான் இருந்தது. பனியில் பாலம், ரோடு, கட்டைச் சுவர் எல்லாமே ஈரமாகத்தான் இருந்தது.